நாத்திகனுக்கு மாதா கோயிலில் என்ன வேலை? வாசகர் கேள்விகள், கிரேன்காரர் பதில்கள்

இரண்டு இதழுக்கு முன்னால், பிரான்சில் செந்த் எமிலியோன் என்கிற திராட்சைத் தோட்ட ஊருக்குப் போய்வந்ததை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஒயினைப் பற்றி இரண்டு வரி, மீதியெல்லாம் சர்ச். வழக்கமாக இந்தப் பகுதிக்கு ரேஷன் கார்டு, பென்ஷன், மருமகள் பிரச்சினை என்றுதான் கேள்வி வரும். இந்தத் தடவை கோணிப்பை நிறைய சர்ச் கேள்விகள். கோபமாக எழுதியவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை வாசகர்: ஐயா, சாமி நம்பிக்கை கிடையாது என்று நீங்களே பலமுறை எழுதியிருக்கிறீர்கள். ஒயின் ஊருக்குப் போனவர், ஒயினை விட்டுவிட்டு சர்ச் சர்ச்சாக ஏறி இறங்கியிருக்கிறீர்களே. நம்பாதவருக்கு அங்கே என்ன வேலை?

ஒயினும் குடித்தேன் ஐயா, ஒரு மடக்கு. சர்க்கரைக்காரனுக்கு மகள் அவ்வளவுதான் அனுமதித்தாள். நாவல்பழம் தின்றது போல நாக்கைத் துவர்த்துப் பிடித்துக்கொண்டது. அந்த விஷயம் அதோடு முடிந்தது.

சர்ச் பழக்கம் பிரான்சில் வந்ததில்லை. எங்கள் அப்பா கருஞ்சட்டைக்காரர். அம்மா திருநீறும் பூசுவாள், செவ்வாய்க்கிழமையானால் அரண்மனைக்காரத் தெருவில் இருக்கிற அந்தோணியார் கோயிலுக்கும் போவாள். வடசென்னையில் பாதி வீட்டு அம்மாக்கள் இப்படித்தான். அப்பா அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். ஆனால் உள்ளே வரமாட்டார். அம்மாவின் செருப்பையும் குடையையும் வைத்துக்கொண்டு எதிர்க் கடையில் டீ குடித்தபடி பேப்பர் படிப்பார். நான் சின்னப் பையன், எந்தப் பக்கமும் போகலாம். உள்ளே போனால் மெழுகு வாசனை, குளிர்ந்த தரை, தலைக்கு மேலே ஏகப்பட்ட காலி இடம். எங்கள் வீடு பத்துக்கு எட்டு. அத்தனை உயரத்தில் ஒரு கூரையை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். பக்தி வரவில்லை. இதை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்கிற கேள்விதான் வந்தது. அப்புறம் முப்பத்தோரு வருஷம் ஹார்பரில் கிரேன் பராமரிப்பு வேலை பார்த்தேன். கேள்வி இன்னும் போகவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் பிரான்சில் போர்தோ நகரத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ரயிலில் போனால் இந்த ஊர். ஸ்டேஷனில் இறங்கினால் ஊரைக் காணோம். தோட்டங்களுக்கு நடுவே ரோட்டோடு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நம் பக்கத்துப் பந்தல் திராட்சை மாதிரி இல்லை, இடுப்பு மார்பு உயரத்துக்குச் செடி, கம்பியில் கட்டி வரிசை வரிசையாக நிற்கிறது. செப்டம்பர் கடைசி, அறுவடை நடந்துகொண்டிருந்தது. டிராக்டர் போன தடமெல்லாம் நசுங்கிய பழம், புளித்த வாடை, ஈ. தூரத்திலேயே ஒரு கோபுரம் தெரிந்தது. சரி, அதுதான் சர்ச் போலிருக்கிறது என்று நடந்தோம்.

கிட்டே போனால் கோபுரம் இருக்கிறது, சர்ச்சைக் காணோம்! ஒரு பாறைச் சரிவு, அதில் கதவும் ஜன்னலும் வெட்டியிருக்கிறார்கள். சர்ச் அந்தப் பாறைக்கு உள்ளே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சுண்ணாம்புப் பாறையை அப்படியே குடைந்து செய்தது. நீளம் 38 மீட்டர், உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். மாமல்லபுரம் குடைவரைகளைப் பார்த்தவர்களுக்கு வேலை புரியும், ஆனால் இது நாலு மாடி வீட்டை உள்ளே நிறுத்திவைக்கிற அளவு. கல்லை அடுக்கிக் கட்டுகிறவன் தப்புச் செய்தால் அந்தக் கல்லை எடுத்துவிட்டு வேறு கல் வைக்கலாம். குடைகிறவன் தூணில் ஒரு சாண் அதிகமாகச் செதுக்கிவிட்டால் யார் ஒட்டவைப்பது?

அதோடு விட்டார்களா? உள்ளே காலியாக்கிய அந்தப் பாறையின் தலைமேல், அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் 68 மீட்டர் கோபுரத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். எடை ஏறக்குறைய 4,500 டன். ஹார்பரில் ஒவ்வொரு கிரேன் கையிலும் எஸ்.டபிள்யூ.எல். என்று பெரிதாக எழுதியிருக்கும், எத்தனை டன் வரைக்கும் பயமில்லாமல் தூக்கலாம் என்கிற கணக்கு. கூட்டிப்போன வழிகாட்டிப் பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, இந்தத் தூணுக்கு எஸ்.டபிள்யூ.எல். எவ்வளவம்மா என்பதுதான். அவளுக்குப் புரியவில்லை. மகள் விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு டார்ச்சைத் திருப்பிக் காட்டினாள்.

தூண்களைச் சுற்றி இரும்பு. கனமான சட்டம், போல்ட், நட்டு. பல நூறு வருஷமாக மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி இறங்கித் தூண்கள் பலம் இழந்துவிட்டன. மேலே கோபுரம் உட்கார்ந்திருக்கிறது, தூணை இடித்துவிட்டுப் புதுசு போட முடியாது. அதனால் இடுப்பு பிடித்துக்கொண்டவருக்கு டாக்டர் பெல்ட் போடுகிற மாதிரி போட்டுவிட்டிருக்கிறார்கள். அழகு என்று சொல்ல முடியாது. உடன் வந்த அமெரிக்கக்காரர் ஒருவர் அந்த இரும்பு தெரியாதபடி போட்டோ எடுக்கச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு அந்தச் சர்ச்சிலேயே பிடித்தது அதுதான். கூரையில் ஒரு ஓட்டை இருக்கிறது, மேலே இருக்கிற மணியைக் கீழேயிருந்து இழுக்கக் கயிறு போன வழி. அதன் விளிம்பைப் பார்த்தால் கயிறு எந்தப் பக்கம் உரசியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது, அந்தப் பக்கமே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை அதுதான் ஐயா அங்கே.

புது வண்ணாரப்பேட்டை வாசகி: ஒயினுக்கும் சர்ச்சுக்கும் ஏன் இத்தனை ஒட்டுறவு? நம் ஊரில் குடிக்கிறவனைத்தான் ஃபாதர் திட்டுகிறார்.

திட்டுகிற அதே ஃபாதர் தினமும் காலைப் பூசையில் பீடத்தில் ஊற்றுவது திராட்சை இரசம்தானே, தங்கச்சி. அது திராட்சையிலிருந்து இயற்கையாக வந்ததாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. வேறு பழச்சாறு செல்லாது. ஆகவே பூசை நடக்கிற இடத்துக்கெல்லாம் ஒயின் வேண்டும். ஐரோப்பாவில் மடத்துத் துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் தோட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிரான்சில் பர்கண்டி பகுதியில் சிஸ்தர்சியன் என்கிற சபைத் துறவிகள் சுவர் எழுப்பி வளர்த்த க்ளோ த வூஜோ தோட்டம் இன்றைக்கும் இருக்கிறது. பூசைக்கு ஒரு கிண்ணம் போதும், துறவிகள் பயிரிட்டது அதைவிட நிறைய. மீதி எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒயின்காரர்களுக்குத் தனியாக ஒரு புனிதரும் உண்டு, வின்சென்ட். ஜனவரி 22 அவருடைய திருநாள். நம் காசிமேட்டுக்காரர்கள் போட்டுக்கு மாலை போடுவது மாதிரி அங்கே அன்றைக்கு ஊர்வலம் போகிற ஊர்கள் உண்டு.

செந்த் எமிலியோனில் இன்னொரு வேடிக்கை. ஊருக்கு அடியில் கல் வெட்டியெடுத்த சுரங்கங்கள் பல கிலோமீட்டருக்கு ஓடுகின்றன. அந்தக் கல்தான் போர்தோ நகரத்துக் கட்டடங்களுக்குப் போனது. காலியான சுரங்கத்தில் ஒயின் பீப்பாய்களை அடுக்கினார்கள், குளிர்ச்சி மாறாதாம். சர்ச், சுரங்கம், ஒயின் கிடங்கு மூன்றும் ஒரே பாறை. 1999இல் அந்தத் தோட்டங்களையும் ஊரையும் சேர்த்தே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டார்கள்.

பெரம்பூர் தோழர்: கடவுள் மறுப்பாளர் ஒருவர் சர்ச்சைப் புகழ்ந்து எழுதுவது சரணாகதி. உங்கள் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

வாசலிலேயே நின்றிருப்பார், தோழர். டீக்கடை இருந்திருந்தால்.

உங்களுக்கு ஒரு சங்கதி சொல்கிறேன், போன தடவை எழுதாமல் விட்டது. விட்டதற்குக் காரணம் எனக்கே கூச்சமாக இருந்ததுதான். அந்தப் பாறைச் சர்ச்சின் சுவரெல்லாம் ஒரு காலத்தில் ஓவியம். இப்போது அங்கங்கே கறை மாதிரிக் கொஞ்சம் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காரணம் தண்ணீர் மட்டும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் போருக்கு வெடிமருந்து வேண்டியிருந்தது. வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. ஈரமான சுண்ணாம்புச் சுவரில் அது பூக்கும். ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்றில் வீட்டுச் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து உதிருமே, பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அது மாதிரி. நாடு முழுக்க நிலவறைகளிலும் தொழுவங்களிலும் வெடியுப்பு எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இந்தச் சர்ச்சும் அப்படி ஒரு வெடியுப்புப் பட்டறையாகிவிட்டது. சுவரைச் சுரண்டினார்கள், ஓவியமும் சேர்ந்து போயிற்று.

வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க ஆளுங்கதானே?" என்றாள். என்ன சொல்ல? மடங்களின் கொழுத்த சொத்து, பட்டினி கிடந்த ஜனம், 1789இல் திருச்சபைச் சொத்தை நாட்டுடைமையாக்கியது, இதிலெல்லாம் நான் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுரண்டின சுவர் சுரண்டின சுவர்தான். அதை வரைந்தவனும் கூலிக்காரன்தான், பேர்கூட இல்லை.

அதே ஊர்க்காரர் கதே என்பவர் புரட்சியின் பெரிய பேச்சாளர்களில் ஒருவர். அப்புறம் புரட்சிக்காரர்களுக்குள்ளேயே பிளவு வந்து இவர் தலைக்கு விலை. சொந்த ஊருக்கே ஓடிவந்து ஒளிந்திருந்தார். 1794இல் பிடித்துக்கொண்டுபோய் போர்தோவில் கில்லட்டின் என்கிற தலைவெட்டும் எந்திரத்தில் வைத்துவிட்டார்கள். அதையும் அந்த ஊரில்தான் தெரிந்துகொண்டேன். சாமி கும்பிடுகிறவர்களிடம் மட்டும்தான் வெறி இருக்கும் என்று நீங்களும் நானும் கூட்டங்களில் பேசியிருக்கிறோம், இல்லையா?

உங்கள் மனசு ஆறுவதற்கு ஒன்று. 1905இல் பிரான்சில் அரசையும் மதத்தையும் பிரித்துச் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்பு கட்டிய கத்தோலிக்கச் சர்ச்சுகளில் பெரும்பாலானவை இன்றைக்கு அந்தந்த ஊராட்சியின் சொத்து. பூசை நடத்திக்கொள்ளலாம், வாடகை கிடையாது, ஆனால் கூரை ஒழுகினால் மேயரின் தலைவலி. நாத்திகன் கட்டுகிற வரியிலும் ஓடு மாற்றுகிறார்கள். வரி கட்டுகிறவன் உள்ளே போய் ஓட்டைப் பார்க்கக் கூடாதா, தோழர்?

ராயபுரம் வாசகி: அக்காவும் உங்களோடு வந்தார்களே, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே அண்ணே.

எழுதினால் வீட்டில் சோறு கிடைக்குமா என்று யோசித்தேன். இப்போது அவளிடமும் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊருக்குப் பேர் கொடுத்த எமிலியோன் 8ஆம் நூற்றாண்டுத் துறவி. பிரான்சிலேயே பிரிட்டனி என்கிற பகுதியில் ஒரு பிரபு வீட்டில் வேலை பார்த்தாராம். சமையலறையிலிருந்து ரொட்டியைத் துணிக்குள் மறைத்து ஏழைகளுக்குக் கொண்டுபோவாராம். ஒருநாள் எஜமான் மடக்கி, உள்ளே என்ன என்று கேட்க, விறகு என்றாராம். திறந்தால் விறகு! என் மனைவிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். நான் வேலை பார்த்த இடத்தில் சாயங்காலம் கேட்டில் டிஃபன் கேரியரைத் திறந்து காட்டச் சொல்வார்கள். எங்கள் ஆட்களில் சிலருக்கு இந்தப் புனிதர் அப்போதே அறிமுகமாகியிருக்கலாம்.

அங்கிருந்து கிளம்பி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் தங்கியிருந்த குகை, பாறைச் சர்ச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படி இறங்கிப் போக வேண்டும். ஊற்று ஒன்று இருக்கிறது. பாறையில் நாற்காலி மாதிரி ஒரு இருக்கை. வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்: குழந்தை வேண்டும் என்கிற பெண்கள் இதில் உட்கார்ந்தால் பலிக்கும் என்று நம்பிக்கை, பிறந்த பிறகு சுற்றுலா அலுவலகத்துக்குக் கடிதமும் குழந்தை போட்டோவும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியாததா? மகள் என்னைப் பார்த்தாள். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இன்னாங்க சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றாள்.

"சாமியார் உட்கார்ந்து ஜெபம் பண்ண நாற்காலியாம்" என்றேன். முப்பது வருஷமாகப் பொய் சொல்லக் கூடாது, கண்ணால் கண்டதைத்தான் சொல்ல வேண்டும் என்று மேடை போட்டுப் பேசியவன், புனிதரின் குகைக்குள் நின்று சொன்ன பொய் அது.

ஆனால் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு இளம்பெண் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் மொழிபெயர்ப்பு எதற்கு? எங்கள் வீட்டம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நைனா, அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி விறுவிறுவென்று போய் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டாள். வயசு அறுபத்திரண்டு. "முட்டி வலி தாங்கல, படி எத்தினி இறங்கறது" என்றாள். அந்த வழிகாட்டிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கொருக்குப்பேட்டை வாசகர்: உண்மையைச் சொல்லுங்கள். மெழுகுவத்தி ஏற்றினீர்களா?

ஏற்றினேன். மேட்டில் இருக்கிற இன்னொரு சர்ச்சில். கீழ்த் தட்டில்தான் இடம் இருந்தது, வீட்டம்மாவுக்கு முட்டி மடங்காது.

எண்ணூர் கல்லூரி மாணவர்: எனக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் பழைய கோயில், சர்ச், தர்கா எல்லாம் பார்க்க ஆசை. உள்ளே போனால் எப்படி நடந்துகொள்வது? சிலுவை போட்டுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம் தம்பி, நடிக்க வேண்டாம். பூசை நடக்கிறபோது போட்டோவுக்கு அலையாதே, கடைசிப் பெஞ்சில் உட்கார். எல்லாரும் எழுந்தால் எழு, முழங்கால் போட்டால் நீ உட்கார்ந்திருக்கலாம். நற்கருணை வாங்க வரிசையில் போய் நிற்காதே, அது அவர்களுக்கு ரொம்பப் பெரிய காரியம். காலணி விஷயம் இடத்துக்கு இடம் மாறும், வாசலில் நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார். முக்கியமாக, பக்கத்தில் ஒருத்தர் அழுதுகொண்டிருந்தால் பார்க்காத மாதிரி இரு. அப்புறம் நிமிர்ந்து கூரையைப் பார்.

காசிமேடு வாசகர்: பிரான்சுக்கெல்லாம் நமக்கு வழியில்லை. பக்கத்தில் பார்க்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்.

பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். நான் சொன்ன அரண்மனைக்காரத் தெருவுக்கு நடங்கள். அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மேனியன் தெரு என்பது நம் வாயில் அரண்மனைக்காரத் தெருவாகிவிட்டது. அந்த ஆர்மேனியர்களின் சர்ச் அங்கேயே இருக்கிறது. முதலில் 1712இல் கட்டியது, இப்போது நிற்பது 1772இல் எழுப்பியது. கனத்த மரக்கதவைத் தாண்டினால் தெருச் சத்தம் பட்டென்று நின்றுவிடும். முற்றமெல்லாம் கல்லறைக் கல், நாம் படிக்க முடியாத எழுத்து. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, ஆறு மணிகள். உலகத்திலேயே முதல் ஆர்மேனியப் பத்திரிகையான அஸ்தரார் 1794இல் நம் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோனியன் இந்த வளாகத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். பத்திரிகைக்காரன் என்கிற முறையில் நான் அங்கே போனால் அவரிடம் மட்டும் ஒரு நிமிஷம் நிற்பேன்.

பூசைக்குக் கூட்டமாக வர இப்போது ஆர்மேனியர்கள் இங்கே இல்லை. கட்டியவர்கள் போய்விட்டார்கள், கட்டடத்தைக் கல்கத்தாவில் இருக்கிற அவர்கள் சமூகத்தார் பராமரிக்கிறார்கள். ஞாயிறு காலையில் மணி மட்டும் அடிக்கிறார்கள். நாலு கட்டடம் தள்ளித்தான் அந்தோணியார் கோயில். அங்கே செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், நிற்க இடம் இருக்காது.

புளியந்தோப்பு வாசகி: ஊரிலிருந்து எங்களுக்கு என்ன வாங்கி வந்தீர்கள்?

மக்ரோன் என்கிற பிஸ்கட் மாதிரி இனிப்பு. அந்த ஊரில் உர்சுலின் கன்னியர் மடத்தில் 1620இல் தொடங்கியது என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, பாதாம், அவ்வளவுதான். நடுவில் கிரீம் வைத்து கலர் கலராக விற்பார்களே, அது இல்லை. தட்டையாக, வெந்த காகிதத்தோடே பெட்டியில் வைத்துத் தருகிறார்கள், பிய்த்துத் தின்ன வேண்டும். நம் தூத்துக்குடி மக்ரூனுக்குப் பெரியம்மா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் பாதாமுக்குப் பதில் முந்திரி, வடிவம் கூம்பு. எது ருசி என்று கேட்டால் தூத்துக்குடி என்பேன், இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

வாசகர்களுக்காக ஒரு பெட்டி கொண்டுவந்து ஆசிரியர் மேஜை மேல் வைத்தேன். காலையில் வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் காகிதம் மட்டும் இருந்தது.